மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், சுகரைப் பார்க்காமல் இருக்கவும் வேண்டாம்

(பள்ளிவாசல் மண்டபத்தில் நடந்த மருத்துவ விளக்கக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





மனநோய்க்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதைப் பற்றி இன்று பேசப்போகிறோம். இது யாருக்கோ வருகிற சங்கதி, நமக்கு எதற்கு என்று எழுந்துவிட வேண்டாம். நம் மஹல்லாவில் இந்த மாத்திரைகளுக்கு எங்களிடம் மாதாமாதம் உதவி பெறுகிற குடும்பங்கள் உண்டு. எங்களிடம் வராமல், அரிசி டின்னுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துக் கொடுக்கிற குடும்பங்களும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தார், பெயர் சொல்லாமல் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளை ஒருவர், இருபத்தைந்து வயதுக்காரர். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவர். மனநல மருத்துவரிடம் காட்டி ஒலான்சபின் என்கிற மாத்திரை ஆரம்பித்த பிறகு குரல் அடங்கியது, தூக்கம் வந்தது. ஐந்தாறு மாதத்தில் அவருடைய காக்காவின் கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்தார். மாத்திரைச் செலவை எங்கள் குழு ஏற்றுக்கொண்டது.

அவருக்கு உடம்பு போட்டது. சட்டை மூன்று தடவை மாற்றித் தைத்தார்கள். "மாஷா அல்லாஹ், இப்போதுதான் பிள்ளை தேறியிருக்கிறான்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னோம். நாங்களும்தான் சொன்னோம். மூன்றாவது வருடம் ஒரு ராத்திரி வாந்தி, வயிற்று வலி, மூச்சு இரைப்பு, பேச்சு குழறியது. அதற்கு முன் பத்து நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார், இரவில் ஐந்தாறு முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார். வீட்டில், பழைய கோளாறு திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், விடியட்டும் என்று காத்திருந்தார்கள். விடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரத்தத்தில் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. உடம்பில் அமிலம் ஏறியிருந்தது. ஒரு வாரம் தீவிர சிகிச்சையில் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வந்தார்.

அங்கே மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக எப்போது சுகர் டெஸ்ட் எடுத்தீர்கள்?" உம்மா எங்களைப் பார்த்தார், நாங்கள் தரையைப் பார்த்தோம். திரும்பி வந்து அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தோம். மாத்திரை பில் முப்பத்துச் சொச்சம் இருந்தது. ஒரே ஒரு லேப் பில் கூட இல்லை. மாத்திரைக்குப் பணம் கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டோம்.

அதற்கு அடுத்து நடந்ததும் தவறுதான். "இந்த மாத்திரைதானே சுகரைக் கொண்டுவந்தது" என்று வீட்டில் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். கேட்க ஆளில்லை, எல்லாருக்கும் அது சரியாகவும் பட்டது. இரண்டு மாதம் தாங்கவில்லை. பழைய குரல்கள் வந்துவிட்டன. இன்சுலின் ஊசியில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று ஊசியையும் மறுத்தார். மனநோயும் சர்க்கரையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன. இப்போது மருந்து மாற்றி, இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் நடக்கிறது. நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வருடத்தை அவரிடமிருந்து எடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இந்த மாத்திரைகளே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகையில் முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952-இல்தான் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் கடுமையான மனநோய்க்குப் பெரும்பாலும் இருந்தது பூட்டிய அறையும் சங்கிலியும்தான். சங்கிலி என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். உம்மா, வாப்பா, கூடப் பிறந்தவர்கள். வேறு வழி தெரியாமல் விட்டுப் போனவர்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. சட்டம் கையைக் கட்டுகிறதே என்று நினைக்கிறவர்கள், அந்தச் சங்கிலியின் இடத்தில் இன்று இருப்பது இந்த மாத்திரைதான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துஆ கேட்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டே கேட்கலாம்.

சரி, மாத்திரை எப்படிச் சர்க்கரையைக் கொண்டுவருகிறது?

பழைய மருந்துகளில் கை நடுக்கம், தசை இறுக்கம், நாக்கு சுழல்வது போன்ற தொல்லைகள் அதிகம். 1990-களில் புதிய வகை மருந்துகள் வரிசையாக வந்தன: ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின். குளோசபின் அதற்கும் முந்தியது. இவற்றில் நடுக்கமும் இறுக்கமும் குறைவு. ஆனால் எடையும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவது அதிகம் என்று பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. 2003-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தப் புதிய வகை மருந்துகள் எல்லாவற்றின் குறிப்புத்தாளிலும் சர்க்கரை நோய் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அடுத்த வருடம் அங்குள்ள சர்க்கரை நோய் மருத்துவர் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து, யாருக்கு எப்போது என்ன பரிசோதனை என்று அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டன. அதாவது நம் பிள்ளைக்கு நடந்தது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. பல வருடங்களாக எழுதி வைத்திருக்கிற விஷயம். வீடு வரை வந்து சேரவில்லை.

மூளையில் பசியை அடக்கி வைக்கிற சில இடங்களை இந்த மருந்துகள் மறைத்துவிடுகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடுகிற சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே ஹிஸ்டமின் வழியை இவையும் அடைக்கின்றன. அதனால் தூக்கமும் வருகிறது, பசியும் பொங்குகிறது. வயிறு நிறைந்தது என்கிற செய்தி போய்ச் சேருவதில்லை. சாப்பிட்டு எழுந்த அரை மணி நேரத்தில் மறுபடி அடுப்படிக்கு வருகிறவரை "தின்னி" என்று ஏசாதீர்கள். அது பேராசையோ, வளர்ப்பின் குறையோ அல்ல. மருந்து போடுகிற பசி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எடை கூடினால்தான் சர்க்கரை வரும் என்று இல்லை. இன்சுலின் சுரப்பதையும், அது வேலை செய்வதையும் சில மருந்துகள் நேராகவே பாதிக்கின்றன. அதனால் ஒல்லியாகவே இருந்துகொண்டு சர்க்கரை நோயாளி ஆனவர்களும் உண்டு. "எங்கள் மகள் ஈர்க்குச்சி போலத்தானே இருக்கிறாள்" என்று பரிசோதனையைத் தள்ளிப் போட முடியாது.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஒலான்சபினும் குளோசபினும் இதில் முதலிடம். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் நடுவில். அரிபிப்ரசோல், பழைய ஹாலோபெரிடோல் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. இதைக் கேட்டதும், அப்படியானால் ஏன் எங்களுக்கு ஒலான்சபின் எழுதிக் கொடுத்தார் என்று டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். ஒருவருக்குக் கேட்கிற மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. குளோசபினை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் மசியாத நோயை அது அடக்குகிறது. தற்கொலை எண்ணத்தையும் குறைக்கிறது. அப்படிப்பட்டவருக்கு அதை நிறுத்துவதுதான் ஆபத்து. மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள். முடிவை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிடாதீர்கள்.

பழியை முழுக்க மாத்திரை மேல் போட்டுவிடவும் முடியாது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. மருந்து, நோய், குடும்ப வாகு, வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது, புகைப்பது எல்லாம் சேர்ந்துதான் அது. அதோடு நாம் இருக்கிற நாடு வேறு இப்படி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், தமிழ்நாடு தேசிய சராசரியைவிட மேலே இருக்கிறது என்றும் அது சொன்னது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சுகர், பெரியம்மாவுக்குக் காலில் புண் என்று இருக்கிற வீட்டில் இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மாத்திரை ஆரம்பிக்கிற அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு எடையை 4, 8, 12-ஆவது வாரங்களில் பார்க்க வேண்டும். 12-ஆவது வாரம் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கொழுப்பையும் மறுபடி. அதன்பின் எடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்க்கரை வருடத்துக்கு ஒருமுறையாவது. குடும்பத்தில் சுகர் இருந்தாலோ எடை வேகமாக ஏறினாலோ இன்னும் அடிக்கடி. ஏற்கெனவே வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒரு டெஸ்டும் எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுங்கள். இடுப்பளக்கத் தையல்காரர் டேப் போதும்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். இதற்குத் தனியார் லேபுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். சுகரும் பிரஷரும் இருக்கிறது என்று உறுதியானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

எடை வேகமாக ஏறுவது முதல் சில மாதங்களில்தான். அதிலும் இளம் வயதினருக்கும், முதன்முதலாக மாத்திரை தொடங்குகிறவர்களுக்கும் அதிகம். இரண்டு மாதத்தில் நாலைந்து கிலோ கூடினால் "தேறிவிட்டான்" என்று மகிழ்ந்துகொண்டு இருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை, சுகர் வருவதற்கு முன்பே, எடை ஏறாமல் இருப்பதற்காகவும் மருத்துவர்கள் தருவதுண்டு. அது எங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பக்கத்து வீட்டாரின் மெட்ஃபார்மினை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, அசதி, வாந்தி, வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, குழப்பம்: இவற்றில் எது வந்தாலும் "பழைய கோளாறு" என்று ஒதுக்காமல் முதலில் விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள். மனநோயாளி வயிறு வலிக்கிறது என்றால் நம்பாத பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, சில ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. அங்கேயும் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

சர்க்கரையைப் பற்றிப் பேச வந்தாலும், தாய்மார்கள் பகுதியிலிருந்து முன்பே எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும், மார்பில் பால் கசிவதும் உண்டு. மணமாகாத பெண்ணுக்கு இப்படி நேர்ந்து, அவள் மீது சந்தேகப்பட்ட வீட்டை நாங்கள் அறிவோம். அது மருந்தின் வேலை. டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. குளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். நோயாளிக்கு மட்டும் தனித் தட்டில் கோதுமைக் கஞ்சியை வைத்துவிட்டு, மற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டால் அது நிற்காது. ராத்திரி எழுந்து சட்டியைத் தடவத்தான் செய்வார். வீடு முழுக்கக் கொஞ்சம் மாற வேண்டும். சர்பத்தும் கலர் பாட்டிலும் வீட்டுக்குள் வராமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவருக்கு டீயை நிறுத்தாதீர்கள், சர்க்கரையைக் குறையுங்கள். பசி எடுக்கிற நேரத்துக்குச் சுண்டலும் வெள்ளரிக்காயும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். வலிமா வீடுகளில் மிஞ்சிய சோற்றைப் "பாவம், அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று அனுப்புகிறோம். நல்ல எண்ணம்தான். மாதத்தில் எட்டு வலிமா வந்தால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்? ஃபஜ்ரு முடிந்து அரை மணி நேரம் நடக்கிற பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். போகிற வழியில் ஒரு கதவைத் தட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நோயில் தனியாக நடக்கக் கிளம்புவதுதான் மிகவும் கடினம்.

நோன்பைப் பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது எல்லாரும் அறிந்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதற்கு டாக்டர், ஆலிம் இருவரிடமும் கேளுங்கள். ரமலானுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள். பல மாத்திரைகளை இஃப்தாருக்கும் சஹருக்குமாக மாற்றித் தர முடியும். தூக்கம் வரவழைக்கிற மாத்திரையை நள்ளிரவில் போட்டால் சஹருக்கு எழ முடியாது. அதற்கும் டாக்டர் நேரம் சொல்வார். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்தால் மருந்து அளவுக்கு மீறி ஏறி விஷமாகலாம். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்குப் பகலில் சுகர் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்கள் பெரும்பாலோரின் கருத்து. நோன்புக்காக மாத்திரையை முப்பது நாள் தானே நிறுத்திக்கொண்டு, பெருநாளுக்கு மறுவாரம் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறோம்.

இனி எங்கள் பக்கம். இந்த மாதம் முதல் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுகிறது: கடைசியாகச் சுகர் பார்த்த தேதி. அந்த இடம் காலியாக இருந்தால் மாத்திரைப் பணத்தை நிறுத்த மாட்டோம். எங்கள் ஆள் ஒருவர் வந்து உங்களை டெஸ்டுக்குக் கூட்டிப் போவார், செலவு குழுவுடையது. பெண்களுக்குப் பெண்களே வருவார்கள். பெயர் வெளியே போகாது. எங்களிடம் வர விருப்பமில்லாதவர்களுக்கு அரசின் டெலி மனஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம், யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் இதே மண்டபத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் வந்தால் ஊர் அவர்களைத்தான் பார்க்கும். அதனால் எல்லாரும் வாருங்கள். குழுவில் உள்ள நாங்கள் முதல் வரிசையில் நிற்போம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை டீ, டெஸ்ட் முடிந்த பிறகு இங்கேயே கிடைக்கும். சர்க்கரை தனியாக வைத்திருப்போம்.